தினமும் 200 சீட்டு, ஒரே ஒரு மருந்தாளுநர்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: நான் பதிவு பெற்ற மருந்தாளுநர். எங்கள் மருந்தகத்துக்குத் தினமும் 200 மருந்துச்சீட்டுகளாவது வருகின்றன. எட்டு மணி நேர ஷிஃப்டில் நான் ஒருத்திதான். இன்னொருவரைப் போடச் சொன்னால், "சட்டப்படி ஒரு பார்மசிஸ்ட் இருந்தால் போதும்" என்கிறார் உரிமையாளர். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதிதான் சரி. மருந்தாளுநர் இல்லாமல் சீட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்பது ஒரு சட்டம். இத்தனை சீட்டுக்கு இத்தனை பேர் வேண்டும் என்பது வேறொரு சட்டம். முன்னது பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது, பின்னது சில இடங்களில்தான். உங்கள் உரிமையாளர் முன்னதைக் காட்டிப் பின்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறார்.

எண்ணைப் போட்டே எழுதிவைத்திருக்கும் நாடு ஜப்பான். நாளொன்றுக்குச் சராசரியாக 40 சீட்டுக்கு ஒரு மருந்தாளுநர் என்று அங்கே அமைச்சக விதி இருக்கிறது. கண், பல், காது-மூக்கு-தொண்டைச் சீட்டுகளை மட்டும் மூன்றில் இரண்டு பங்காகக் கணக்கிடுவார்கள். எல்லாச் சீட்டுக்கும் ஒரே அளவு வேலை இல்லை என்பதை விதியே ஒப்புக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆஸ்திரேலியாவில் மருந்தாளுநர் வாரியத்தின் 2015 வழிகாட்டுதல், நாளுக்கு 150 முதல் 200 சீட்டு வந்தால் பயிற்சி பெற்ற உதவியாளர்களைச் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும், அதையும் தாண்டினால் கூடுதல் மருந்தாளுநரோ உதவியாளரோ தேவைப்படலாம் என்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே சங்கிலித்தொடர் மருந்தகங்களில் மருந்து வேலையை மட்டுமே பார்க்கும் ஓர் உதவியாளராவது எப்போதும் இருக்க வேண்டும். நாளுக்குச் சராசரி 75 சீட்டுக்குக் கீழே என்றால் விலக்கு உண்டு, ஆனால் தடுப்பூசி போன்ற கூடுதல் சேவைகளும் மருந்தாளுநர் தலையில் இருந்தால் அந்த விலக்கு செல்லாது. ஆபத்தான நிலை என்று மருந்தாளுநர் தெரிவித்தால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். 24 மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் விஷயம் மருந்தக வாரியத்துக்குப் போகும். என்னைக் கேட்டால், ஆள் எண்ணிக்கையைவிட இந்த அதிகாரம்தான் பெரிது. வேலை செய்கிறவர் சொல்லுக்குச் சட்டமே மதிப்புக் கொடுக்கிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். 200 சீட்டு என்றால் ஒன்றுக்கு 2 நிமிடம் 24 நொடி. சாப்பாடு, போன், தண்ணீர் குடிப்பது எல்லாம் அதற்குள்தான். ஜப்பானின் 40 சீட்டை இதே எட்டு மணி நேரத்தில் வைத்துப் பார்த்தால் 12 நிமிடம் வருகிறது.

அந்த 2 நிமிடம் 24 நொடியில் ஒரு மெத்தோட்ரெக்சேட் சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒருமுறை மருந்து. சீட்டில் தினமும் ஒன்று என்று இருக்கிறது. கை மாத்திரை அட்டையை எடுக்கும், லேபிளை ஒட்டும், பின்னால் ஆறு பேர் நிற்பார்கள். ஒரு நொடி நின்று "இது எதற்கு எழுதினார்கள்?" என்று நோயாளியிடம் கேட்டால் பிழை பிடிபடும். கேட்காமல் விட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். அப்படி நடந்தால் உரிமையாளரின் லாபக்கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள், முதல் கேள்வி உங்கள் பதிவெண்ணை நோக்கித்தான் வரும்.

அதனால் இன்றே ஒரு நோட்டைப் போடுங்கள். தேதி, வேலை நேரம், சீட்டு எண்ணிக்கை, தடுப்பூசி, இடைவேளை கிடைத்ததா என்று எழுதுங்கள். கடைசி நேரத்தில் நீங்கள் பிடித்த பிழைகளையும் நோயாளி பெயர் இல்லாமல் குறியுங்கள். நான்கு வாரம் போதும். அப்புறம் அதைச் சுருக்கி உரிமையாளருக்கு எழுத்தில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் விசாரணையில் நிற்காது.

கூடவே உங்கள் பகுதியின் மருந்தாளுநர் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள்: எண் வரம்பு இருக்கிறதா? இல்லையென்றால், "போதுமான பணியாளர்", "நேரடி மேற்பார்வை" போன்ற சொற்கள் உரிம நிபந்தனைகளில் இருக்கின்றனவா? எண்ணே இல்லாத சட்டத்தில்கூட இந்தச் சொற்கள் உங்களுக்குப் பிடிமானம். 200 சீட்டையும் ஒருவர் நேரடியாக மேற்பார்வையிட முடிந்ததா என்ற கேள்விக்கு உங்கள் நோட்டு பதில் சொல்லும்.

இரண்டாவது மருந்தாளுநர் உடனே முடியாது என்று அவர் சொன்னால், கூட்டம் அதிகமான மூன்று மணி நேரத்துக்காவது ஒருவரைக் கேளுங்கள். பணம் வாங்குவது, அலமாரி அடுக்குவது, போன் எடுப்பது மூன்றையும் உங்களிடமிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். எந்த மூன்று மணி நேரம் என்று அவர் கேட்பார், அதையும் நோட்டிலிருந்தே காட்டுங்கள்.