கோள் தேடும் கணினி எங்கே சறுக்குகிறது?

கேள்வி: கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கித் தரவில் கோள்களைக் கண்டறிய நரம்பு வலைப்பின்னல் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரல்) ஒன்றைப் பயிற்றுவிக்கிறேன். சோதனையில் 98 சதவீதம் சரி. புது நட்சத்திரங்களில் சொதப்புகிறது. ஏன்?
– முனைவர் பட்ட மாணவி

பதில்: தரவைப் பிரித்த விதத்தை முதலில் பாருங்கள். ஒரே நட்சத்திரத்தின் சிக்னல்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். நட்சத்திர எண்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒளி வளைவை (நட்சத்திரத்தின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) சீராக்கும்போது, கோள் நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தை விலக்கிவிட்டுப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் ஒளி குறைவதால் வரும் பள்ளமே நிரவிப்போகும். சூரியனைப் பூமி கடந்தால் குறையும் ஒளி பத்து லட்சத்தில் 84 பங்குதானே!

ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களும் ஏமாற்றும். வரிசையில் ஒற்றைப்படையாக (1, 3, 5) வரும் பள்ளங்களின் ஆழமும் இரட்டைப்படையாக (2, 4, 6) வருபவற்றின் ஆழமும் வேறுபட்டால் அது பெரும்பாலும் கோளல்ல. 2017இல் கெப்ளர்-90 என்ற நட்சத்திரத்தின் எட்டாவது கோளைக் காட்டித் தந்த வலைப்பின்னலுக்கு கோளின் ஒரு முழுச் சுற்றுக்கான ஒளி வளைவை 2001 புள்ளிகளாகவும், பள்ளத்தை மட்டும் 201 புள்ளிகளாகவும் கொடுத்தார்கள். நீங்களும் இரண்டையும் கொடுங்கள்.