மார்ச் மாதத்துக் கோப்பை

வணக்கம்.

போன மாதக் கட்டுரையில், ஆஸ்திரேலியக் கால்பந்தில் சீசன் தொடங்கும் முன் நடந்துவந்த நாக் அவுட் கோப்பையை நிறுத்தியது பெரிய இழப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. பெரிய ஆட்டக்காரர்களைப் பாதி நேரம் உட்கார வைத்துவிட்டு ஆடுகிற பயிற்சி ஆட்டத்துக்கு எதற்குக் கோப்பை? 2005-இல் கார்ல்டன் அணி அதை வென்றுவிட்டு, அதே வருடம் லீக்கில் கடைசி இடத்துக்குப் போனது. இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்று. என் மகனுக்குப் பத்து வயது. செயின்ட் கில்டா அணியின் ரசிகன். "1996, 2004, 2008-இல் நாம் கோப்பை வாங்கினோமே, அது கணக்கில் வருமா அப்பா?" என்று கேட்டான். வராது என்றேன். முகம் வாடிவிட்டது. நான் சொன்னது சரிதானே?

— ஒரு வாசகர், கிளேட்டன், மெல்பர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது கடைசிப் பத்திதான். அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் பின்னணி.

ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தில், லீக் ஆட்டங்கள் மார்ச் மாதம் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் மாபெரும் இறுதி ஆட்டம். அதில் வெல்வதைத்தான் ஊரே 'ஃபிளாக்' என்று சொல்லும். இதற்கு முன்னால், பிப்ரவரியிலும் மார்ச்சிலும், 1988 முதல் 2013 வரை தனியாக ஒரு கோப்பை நடந்தது. பெயர் மட்டும் விளம்பரதாரரோடு மாறிக்கொண்டே இருந்தது: பானசோனிக், ஃபாஸ்டர்ஸ், ஆன்செட், விஸார்ட், கடைசியில் நாப். 2000 முதல் மூன்று வருடம் அணிகளைக் குழுக்களாகப் பிரித்து ஆடவைத்தார்கள். 2003-இல் மறுபடி நாக் அவுட்டுக்கே திரும்பினார்கள். பதினாறு அணிகள், நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை, ஒன்றில் தோற்றால் வெளியே.

இதன் வேர் இன்னும் பழையது. 1956-இல் சவுத் மெல்பர்னின் லேக் ஓவல் மைதானத்தில் விளக்குப் போட்டு இரவு ஆட்டத் தொடர் ஒன்றைத் தொடங்கினார்கள். அன்று லீக்கில் பன்னிரண்டு அணிகள். செப்டம்பர் ஆட்டங்களுக்கு முதல் நான்கு அணிகளே தகுதி பெறும். மிச்சமிருந்த எட்டு அணிகளுக்கு உள்ளதுதான் அந்த இரவுத் தொடர். எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். இந்தக் கோப்பை பிறந்ததே பந்தியில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றவர்களுக்காக. பின்னால் 1977-இல் புது உருவம் எடுத்து எல்லா அணிகளும் ஆடத் தொடங்கினாலும், 1988-இல் சீசனுக்கு முன்னால் நகர்ந்தாலும், அந்தக் குணம் அதை விட்டுப் போகவில்லை.

சரி, கார்ல்டன் கதைக்கு வருவோம். நீங்கள் சொன்னது உண்மை. 2005 மட்டுமா, 2007-இலும் கார்ல்டன் இதை வென்றது. லீக்கில் பதினாறில் பதினைந்தாவது இடம். ஆனால் அதே பட்டியலை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். 1988, 1991 இரண்டு வருடமும் ஹாதார்ன் மார்ச்சிலும் வென்றது, செப்டம்பரிலும் வென்றது. எஸ்ஸெண்டன் 1993-இல் அப்படியே. 2000-இல் எஸ்ஸெண்டன் கோப்பையைத் தூக்கிவிட்டு லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் தோற்று, இறுதியில் மெல்பர்ன் அணியை 60 புள்ளி வித்தியாசத்தில் அடித்தது. ஜீலாங் 2009-இல் இரண்டையும் வென்றது. ஆக, மார்ச் முடிவை வைத்து செப்டம்பரைக் கணிக்க முடியாது. இதில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

நான் உங்களிடமிருந்து விலகும் இடம் வேறு. செப்டம்பரைச் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக அந்தக் கோப்பையை ஏன் தள்ள வேண்டும்? அது என்ன ஜோசியமா? ஒரு இரவில் இரண்டு அணிகள் ஆடின, ஒன்று வென்றது. அந்த இரவுக்கு அந்த வெற்றி முழுசாகச் சொந்தம்.

1996-ஐச் சொல்கிறேன். நான் மெல்பர்னுக்கு வந்து இரண்டாவது வருடம். ஆட்ட விதிகள் பாதிதான் பிடிபட்டிருந்தன. ஆறு புள்ளி எது, ஒரு புள்ளி எது என்று நான்கு கம்பங்களையும் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் சிறு வயதிலிருந்தே செயின்ட் கில்டா ஆள். மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலி வழியாகக் கூப்பிட்டு, "வேவர்லி மைதானத்துக்கு ஒரு டிக்கெட் அதிகமாக இருக்கிறது, வருகிறாயா?" என்றார். போனேன். எதிரணி கார்ல்டன். முந்தைய செப்டம்பரில் லீக்கையே வென்று வந்த அணி. மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பயிற்சி ஆட்டம் என்று நாம் சொல்கிற ஒன்றுக்கு அவ்வளவு கூட்டம்!

செயின்ட் கில்டா 50 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான மைக்கேல் டக் பதக்கம் நிக்கி வின்மாருக்கு. 1993-இல் விக்டோரியா பார்க் மைதானத்தில் இனவெறிக் கூச்சலுக்கு நடுவே நின்று, சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலை விரலால் சுட்டிக்காட்டிய அதே மனிதர், ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் நூங்கார் இனத்தவர். அந்தப் புகைப்படம் நாடறிந்தது. அவருடைய லீக் வாழ்க்கையில் ஃபிளாக் கிடைக்கவே இல்லை. 1997 இறுதியில் அடிலெய்டிடம் தோற்றார்கள். அன்று வேவர்லியில் அந்தப் பதக்கத்தோடு அவர் நின்றதைப் பார்த்தவன் என்பதாலேயே, "அது கணக்கில் வராது" என்று யார் சொன்னாலும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கத்தவில்லை. அணி கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி முடிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்புச் சால்வையை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். காரில் வரும்போதுதான் 1966-ஐப் பற்றிச் சொன்னார். அதுதான் செயின்ட் கில்டாவின் ஒரே ஃபிளாக். காலிங்வுட்டை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. 1897-இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற கிளப், அதிக முறை கடைசி இடம் பிடித்த கிளப், ஒரே ஒரு ஃபிளாக். அப்படிப்பட்ட ஒருவருக்கு மார்ச் மாதத்துக் கோப்பை என்ன கொடுத்தது என்பது அன்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. அந்த வருடம் அணி செப்டம்பர் ஆட்டங்களுக்கே போகவில்லை. பெரியவர் அதற்காக அந்த இரவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1954-க்குப் பிறகு ஃபிளாக் இல்லை. 1970-இல் இரவுத் தொடரை வென்றதோடு கோப்பை என்பதே நின்றுபோனது. நாற்பது வருடம் கழித்து 2010-இல் இந்த முன்பருவக் கோப்பையை வென்றார்கள், செயின்ட் கில்டாவைத் தோற்கடித்து. அதே செப்டம்பரில் மாபெரும் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் அதே செயின்ட் கில்டாவிடம் தோற்று வெளியே போனார்கள். 2016-இல் ஃபிளாக் வந்தது. அதற்குள் கண் மூடிவிட்ட ரசிகர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுடைய கடைசிக் கோப்பை 2010 தான்.

ஃபிட்ஸ்ராயை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. பணமில்லாமல் தேய்ந்துகொண்டிருந்த அந்த அணி 1992-இல் முன்பருவ இறுதிவரை வந்தது. ஹாதார்னிடம் பெரிய தோல்வி. நான்கு வருடத்தில் பிரிஸ்பேனோடு சேர்த்துவிட்டார்கள். நாக் அவுட் என்பதால்தான் அது அங்கே வரை வந்தது. மாதக்கணக்கில் நீளும் லீக்கில் ஏழை அணிக்கு மூச்சு முட்டும். இரண்டு மூன்று நல்ல ராத்திரி போதும் என்கிற ஆட்டத்தில் அப்படியில்லை.

புது விதிகளைச் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். 2003-இல் 50 மீட்டருக்கு அப்பாலிருந்து உதைத்தால் ஒன்பது புள்ளி என்று கொண்டுவந்தார்கள். சிறுவர்கள் அதற்காகவே ஆட்டம் பார்த்தார்கள். லீக்கில் அதைச் சேர்க்கவில்லை, அது நல்லதுதான். 2008-இல் காலிங்வுட்டும் அடிலெய்டும் ஒரு சுற்றை அரபு எமிரேட்ஸில் போய் ஆடின.

நிறுத்தியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பிப்ரவரி வெயிலில், தரை காய்ந்த மைதானத்தில் முழங்கால் போனால் ஆட்டக்காரருக்கு வருடமே போய்விடும். இறுதி ஆட்டம் லீக் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்ததால், பயிற்சியாளர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் வெல்லவே தயங்கினார்கள். 2011-இல் கோல்ட் கோஸ்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி என்ற இரண்டு புது அணிகள் இந்தக் கோப்பைக்கு வந்து அணிகள் பதினெட்டானதும் நாக் அவுட் அட்டவணை பொருந்தவில்லை. ஒரே மைதானத்தில் மூன்று அணிகள் மாறி மாறிச் சின்னச் சின்ன ஆட்டங்கள் ஆடும்படி முதல் சுற்றை மாற்றினார்கள். அப்போதே அதன் உயிர் பாதி போய்விட்டது. 2013-இல் பிரிஸ்பேன் கார்ல்டனை வென்றது கடைசி. அப்புறம் நடப்பவை நீங்கள் சொல்கிற பயிற்சி ஆட்டங்களேதான். யார் வென்றது என்று அடுத்த நாள் காலையில் யாருக்கும் நினைவிருக்காது. ஆட்டக்காரர்களின் முழங்கால் அதே பிப்ரவரியில் இன்றும் ஆபத்தில்தான் இருக்கிறது. ரசிகனுக்குக் கிடைத்த ஒன்று மட்டும் போய்விட்டது. இதைத்தான் இழப்பு என்று எழுதினேன். ஒரு வரியில் எழுதியது என் தவறு.

இப்போது உங்கள் மகன். ஃபிளாக் எண்ணிக்கையில் அந்த மூன்றும் சேராது. அதை அவனிடம் மறைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் காலிங்வுட் பையன் ஒருவன் சொல்லத்தான் போகிறான். ஆனால் கோப்பைகள் கணக்கில் வரும் என்று சொல்லுங்கள். நீங்கள் வராது என்றதைத் திருத்திக்கொண்டதாகவும் சொல்லுங்கள், பிள்ளைகள் அதை மதிப்பார்கள்.

கிளேட்டனிலிருந்து வெலிங்டன் சாலையில் கிழக்கே போனால் மல்கிரேவ் வந்துவிடும். வேவர்லி பார்க் அங்கேதான் இருந்தது. சுற்றிலும் இப்போது வீடுகள். ஆனால் பழைய பார்வையாளர் மாடம் ஒரு பக்கம் இன்னும் நிற்கிறது, அதன் முன்னால் அந்தப் புல்வெளியும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துப் போங்கள். வின்மாரின் பெயரைச் சொல்லுங்கள். பந்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அன்புடன்.