ஐயா கொண்டுவிற்கப் போன கோலாலம்பூர்: நான்கு நாளில் எதைப் பார்ப்பது?

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எழுபது வயது ஆத்தாவை அழைத்துக்கொண்டு நான்கு நாள் கோலாலம்பூர் போகிறேன். எங்கள் ஐயா கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, அங்கே போய் அம்பாங் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்தார். தலைநகரம் புத்ராஜெயாவுக்கு மாறிவிட்டது என்கிறார்களே, எங்கே தங்குவது?"

புத்ராஜெயாவில் தங்க வேண்டாம். 1999 முதல் பிரதமர் அலுவலகம் அங்கே இயங்குகிறது, பெரும்பாலான அமைச்சகங்களும் அங்கே போய்விட்டன. ஆனாலும் மலேசியாவின் தலைநகரம் இன்றும் கோலாலம்பூர்தான். நாடாளுமன்றமும் மாமன்னர் அரண்மனையும் அங்கேதான் இருக்கின்றன.

மஸ்ஜித் ஜமெக் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய டவுனில் அறை எடுங்கள். கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடும் இடம் அது. 'சேற்று ஆறு கூடும் இடம்' என்பதே ஊர்ப் பெயரின் பொருள். 1857-இல் வெள்ளீயம் தேடிப் படகில் வந்த சீனத் தொழிலாளர்கள் இந்தப் பக்கம்தான் இறங்கி, அம்பாங் காட்டுக்கு நடந்தார்கள். சுரங்கம் வெட்டவும் அப்புறம் ரப்பர் தோட்டம் போடவும் கடனாக மூலதனம் வேண்டியிருந்தது. நம் செட்டியார்கள் அங்கே வட்டிக்கடை போட்டது அதனால்தான்.

உங்கள் ஐயா இருந்த தெரு இன்று லெபோ அம்பாங். நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஆத்தாவும் மெல்ல வந்துவிடலாம். கிளம்பும் முன் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பழைய கடித உறை, ஐந்தொகை (கடையின் வரவு செலவுக் கணக்கு) ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள். ஐயாவின் விலாசமும் கதவு எண்ணும் அதில் இருக்கும். எண் தெரிந்தால் "இந்த வாசல்தான்" என்று ஆத்தாவிடம் காட்டலாம். இந்தப் பயணத்தில் அதைவிடப் பெரிய காட்சி வேறில்லை என்பேன். ஒரு காலைப் பொழுதை முழுசாக இதற்கே வையுங்கள். 1873-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் பக்கத்தில்தான். ஜாலான் ஈப்போவில் உள்ள செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயிலுக்கு மட்டும் டாக்சி வேண்டும்.

பத்துமலைக்கு நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேரே போகிறது. 272 படி; முழங்கால் வலி இருந்தால் ஆத்தாவை ஏற வற்புறுத்தாதீர்கள். 140 அடி முருகனைக் கீழே நின்றே கண்ணாரக் கும்பிடலாம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், பிற்பகலில் மழை கொட்டுவது அங்கே சகஜம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை இருட்டியபின் கீழே பூங்காவிலிருந்து பார்த்தால் போதும்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், சுமார் நான்கு மணி நேரம். விமான நிலையம் ஊருக்கு வெளியே 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து விரைவு ரயிலில் அரை மணியில் கேஎல் சென்ட்ரல், அப்புறம் எல்ஆர்டி என்ற நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம் மஸ்ஜித் ஜமெக். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். ஆத்தாவுக்கும் தனியாக ஒன்று.