பேய்க்கும் ஒரு சட்டம் வேணும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பேய்ப்படம், சயின்ஸ் பிக்‌ஷன் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், நெறைய வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். நான் சினிமா படிச்ச ஆளு இல்ல, ராத்திரி வீடு அடங்குனதும் ஓடிடில ஒரு படத்தப் போட்டு உக்காந்துடறவன், அவ்ளோதான். மனசுல பட்டத சொல்றேன். கிளைமாக்ஸ் எதையும் உடைக்கல, ஆனா கதை கொஞ்சம் வரும், அதுகூட வேணாம்னா அந்தக் கேள்விய மட்டும் தாண்டிப் போயிடுங்க.

கே: சமீபத்துல பாத்ததுல உங்க தூக்கத்தக் கெடுத்த படம் எது? (மதுரை வாசகர்)

ப: 'தி திங்'. 1982ல ஜான் கார்பென்டர் எடுத்தது. பழைய படம்தானேன்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், பாத்ததுக்கு அப்புறம் இந்த வருஷம் பாத்த எந்தப் புதுப்படமும் இதுக்குக் கிட்ட வரல. அண்டார்டிகாவுல ஒரு அமெரிக்க ஆராய்ச்சி நிலையம், 12 ஆம்பளைங்க, வெளிய போனா குளிர்லயே செத்துருவாங்க. அங்க ஒரு நாய் ஓடி வருது, பின்னாடியே நார்வேக்காரங்க ஹெலிகாப்டர்ல அதச் சுட்டுக்கிட்டே வர்றாங்க. அந்த நாய் நாயே இல்ல, வேற எங்கேர்ந்தோ வந்த ஒரு ஜந்து, எந்த உயிரப் புடிச்சாலும் அத அச்சு அசலா காப்பி அடிச்சு அதுவாவே மாறிடும். இனிமே பக்கத்துல நிக்கிறவன் மனுஷனா அதுவான்னு யாருக்கும் தெரியாது.

இந்தப் படத்துல எனக்குப் புடிச்ச விஷயமே ஒரு சட்டத்த வெச்சுட்டு கடைசி வரைக்கும் அதுக்குக் கட்டுப்படறதுதான். அந்த ஜந்துவோட ஒவ்வொரு துண்டும் தனி உயிர், ஒரு சொட்டு ரத்தம் கூட தன்னக் காப்பாத்திக்கப் பாக்கும்னு ஹீரோ யோசிக்கறார். உடனே எல்லாரையும் கட்டி உக்கார வெச்சு, ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதுல சூடான கம்பிய வெச்சுப் பாக்கறார். மனுஷ ரத்தம்னா சும்மா புஸ்ஸுனு சத்தம் வரும். இல்லன்னா? அந்த சீன் முழுக்க பெருசா மியூசிக்கே இல்ல, கம்பி, கிண்ணம், மூஞ்சிங்க, இவ்ளோதான், நான் போர்வைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். உருவம் மாறுற சீன் எல்லாம் கம்ப்யூட்டர் இல்லாம ரப்பரு, கெமிக்கல் வெச்சு கையால செஞ்சது, செஞ்ச ராப் பாட்டினுக்கு அப்போ இருபதுகளோட ஆரம்ப வயசுதான். ரெண்டு வாரம் முன்னாடிதான் 'ஈ.டி.' வந்திருந்துச்சு, அன்பான வேற்றுகிரகவாசியப் பாத்து உருகிட்டிருந்த ஜனங்க இத ஏத்துக்கல, படம் அடி வாங்கிடுச்சு. இன்னிக்கு இதத் தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க, கொண்டாடணும்.

கே: 'எ கொயட் பிளேஸ்' பாத்தேன். சத்தம் போட்டாத்தான் அந்த ஜந்து வரும், அருவிகிட்ட சத்தம் போட்டா அதுக்குக் கேக்காதுன்னு படத்துலயே சொல்றாங்க. அப்போ அருவிக்கரையிலயே குடிசை போட்டுத் தங்கிருக்கலாமே? (தென்காசி வாசகி)

ப: தென்காசிலேர்ந்து இந்தக் கேள்வி வராம வேற எங்கேர்ந்து வரும்! நியாயமான கேள்விங்க. படம்தான் அந்தச் சட்டத்த நம்ம கைல குடுத்துச்சு, அதனால கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு. எனக்குத் தோணுற பதில்: அருவி இரைச்சல்ல அதுங்களுக்கு நாம கேக்க மாட்டோம், நமக்கும் அதுங்க வர்றது கேக்காதே, பச்சக் கொழந்தையோட அங்க எப்படித் தூங்கறது. இதப் படத்துல ஒரு வரில சொல்லிருக்கலாம், சொல்லல, குறைதான்.

ஆனா அதுக்காக இந்தப் படத்த விட்டுத் தர மாட்டேன். அந்தக் குடும்பத்துல மூத்த பொண்ணுக்குக் காது கேக்காது, அதனால எல்லாருக்கும் சைகை மொழி ஏற்கனவே தெரியும், ஊரே அழிஞ்சப்போ இவங்க மட்டும் தாக்குப்புடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்குப் படுது. எல்லாரும் குறைன்னு நெனைக்கிற ஒண்ணு குடும்பத்தையே காப்பாத்துது, அதப் படம் ஒரு எடத்துல கூட லெக்சரா சொல்லல. அந்தப் பொண்ணா நடிச்ச மில்லிசென்ட் சிம்மண்ட்ஸுக்கு நிஜத்துலயும் காது கேக்காது. அவ பார்வையில கதை வரும்போது சத்தத்த மொத்தமா கட் பண்ணிடறாங்க, பின்னாடி ஜந்து நிக்குது, நமக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. நமக்கு நெஞ்சு அடைச்சுக்கும். 2018ல வந்த இந்த முதல் பாகம்தான் என் கணக்குல பெஸ்ட். இதே வரிசையில 2024ல வந்த 'டே ஒன்'ல லுபிடா நியோங்கோ பிரமாதம், ஆனா ஒரு பூனை அவ்ளோ கலவரத்துலயும் அவ்ளோ அமைதியா இருக்கறது எனக்கு ஒட்டவே இல்ல.

கே: நம்ம தமிழ்ப் பேய்க்கு மட்டும் ஏன் சார் எப்பவும் ஒரு சோக பிளாஷ்பேக்? (சேலம் வாசகர்)

ப: பிளாஷ்பேக் மேல எனக்குக் கோவம் இல்லங்க. 2011ல வந்த 'காஞ்சனா'வுல சரத்குமார் திருநங்கையா வர்ற அந்தப் பகுதிதான் படத்தோட உயிரு, அது இல்லன்னா மிச்சமெல்லாம் வெறும் ஓட்டமும் கத்தலும்தான். அநியாயமா செத்தவங்க திரும்பி வந்து கணக்குத் தீக்கணும்ங்கற ஆசை நம்ம ஜனங்களுக்கு உண்டு, நம்ம ஊர்ல பாதி சாமிங்களே அப்படிக் கொலையுண்டு சாமியானவங்கதானே. என் கோவம் வேற. மொத பாதியில கட்டிலத் தூக்கி வீசி, கதவ ஒடச்சு, அப்பாவி வேலைக்காரர செவுத்துல ஏத்துற பேய், ரெண்டாவது பாதியில வில்லன் எதுக்க நிக்கும்போது மட்டும் ஏன் எதுவும் பண்ண முடியாம கிளைமாக்ஸ் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு? அதோட சக்திக்கு என்ன எல்லைன்னு டைரக்டர் யோசிக்கவே இல்லன்னு அப்பத் தெரிஞ்சுடும், அப்புறம் பயம் எங்கேர்ந்து வரும்.

யோசிச்சு எடுத்த படம் வேணும்னா 2009ல வந்த 'யாவரும் நலம்' பாருங்க. மாதவன் ஏறுனா மட்டும் லிப்ட் வேலை செய்யாது. வீட்டுப் பொம்பளைங்க பாக்குற சீரியல்ல நடக்குறது அப்படியே இவங்க வீட்லயும் நடக்குது. மத்தியானம் ஒரு மணி வெயில்ல டிவி சீரியல வெச்சு பயமுறுத்த முடியும்னு காட்டுன படம், இருட்டு கூடத் தேவைப்படல. நம்ம வீட்லயும் அப்போ சீரியல்தான் ஓடிட்டிருந்துச்சு, அதனாலதான் அவ்ளோ ஒட்டுச்சு.

கே: 'பிரமயுகம்' ரொம்ப ஸ்லோ, கருப்பு வெள்ளை வேற. எல்லாரும் எதுக்கு இவ்ளோ புகழறாங்க? (கோவை வாசகர்)

ப: நான் உங்க கூட சண்டைக்கே வருவேன்! பாணர் சாதியச் சேந்த ஒருத்தன் தப்பிச்சு ஓடி வந்து, பாழடைஞ்ச ஒரு மனையில ஒதுங்கறான். வீட்டுக்காரரா மம்மூட்டி, சோறு போடறார், உக்கார வெச்சுப் பேசறார், பாடச் சொல்றார், அப்புறம் பகடை ஆடக் கூப்பிடறார், பந்தயமா வெக்க ஒண்ணுமில்லன்னா உன் காலத்த வையின்னு சொல்றார். அந்த எடத்துல எனக்குச் சிலிர்த்துடுச்சு. ஒருத்தன அடிமையாக்க சங்கிலியே வேணாம், சோத்தப் போட்டு ஒரு ஆட்டம் ஆட வெச்சாப் போதும். அந்த மெதுவுதான் அவன் மாட்டிக்கிட்டதக் காட்டுது, வேகமா எடுத்திருந்தா சாதாரண பேய் பங்களா படமாயிருக்கும். கருப்பு வெள்ளையில மழையும் பாசியும் எந்நேரமும் ஒரே சாம்பலாத் தெரியுது, பகலா ராத்திரியான்னே புரியல, அவனுக்கும் புரியல. இன்னொரு தடவ, செல்போன தூர வெச்சுட்டுப் பாருங்க.

கே: டைம் டிராவல் படம் பாத்தா தலை சுத்துது. சுலபமா புரியற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. (புதுச்சேரி வாசகி)

ப: 'இன்று நேற்று நாளை', 2015. கால எந்திரம் கெடைச்சதும் ரெண்டு பசங்க தொலைஞ்ச பொருள் எங்க இருக்குன்னு பாத்து வந்து ஜோசியம் மாதிரி சொல்லிக் காசு பாக்கறாங்க. நம்ம ஊரு ஆளுங்க கைல கெடைச்சா இதத்தான் செய்வாங்க. அப்புறம் 'மாநாடு'. ஒரே நாள் திரும்பத் திரும்ப வர்ற லூப்ல ஹீரோ மாட்டிக்கறார். எஸ்.ஜே.சூர்யாவும் அதே லூப்ல மாட்டுன ஒடனே ஆட்டமே மாறுது பாருங்க, அதுக்கும் ஒரு காரணம் சொல்லிட்டுத்தான் மாட்ட வெச்சிருக்காங்க.

கே: காட்ஸில்லா படத்துக்குப் போய் அழுதேன்னு எழுதிருந்தீங்களே, நிஜமாவா? (ஈரோடு வாசகர்)

ப: நிஜமாத்தான், அதுல என்ன வெக்கம். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' 2023ல வந்த ஜப்பான் படம். ரெண்டாம் உலகப் போர்ல உயிரக் குடுக்க அனுப்புன போர் விமானி ஒருத்தன் சாகாம திரும்பி வந்துடறான், போர் தோத்து டோக்கியோ சாம்பலாக் கெடக்கு, பக்கத்து வீட்டம்மா நீ ஏன்டா உசுரோட வந்தேன்னு கேக்கறாங்க. இந்த நெலமையில காட்ஸில்லா வேற. அந்தப் பையன் வாழணும்னு நாம ஆசைப்பட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் அது ஊருக்குள்ள கால வெக்குது, அதனாலதான் ஒவ்வொரு அடியும் நமக்கு வலிக்குது. அமெரிக்காவுல எடுக்கறதுல பத்துல ஒரு பங்கு கூட செலவு இல்லாத படம், 35 பேரு 610 கிராபிக்ஸ் ஷாட் செஞ்சு 2024ல ஆஸ்கார் வாங்கிட்டாங்க. டைரக்டர் தகாஷி யமசாகியே கிராபிக்ஸ் மேற்பார்வையும் பாத்தார். தான் டைரக்ட் பண்ண படத்துக்கே இந்த கிராபிக்ஸ் ஆஸ்கார வாங்குன இன்னொரு டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் மட்டும்தான்.

கே: ஷார்ட் பிலிம் எடுக்கறோம், கைல காசு இல்ல, சயின்ஸ் பிக்‌ஷன் ஆசையா இருக்கு. என்ன பாக்கலாம்? (சென்னை கல்லூரி மாணவர்கள்)

ப: ஒடனே 'கோஹரன்ஸ்' பாருங்க தம்பிங்களா, 2013. வானத்துல வால் நட்சத்திரம் போற ராத்திரி, எட்டு நண்பர்கள் விருந்துக்கு ஒரு வீட்ல கூடறாங்க, கரண்ட் போயிடுது, தெருவுல ஒரே ஒரு வீட்ல மட்டும் வெளிச்சம் தெரியுது. அங்க போய்ப் பாத்தா அதுவும் இதே வீடு, உள்ள இதே ஆளுங்க. டைரக்டர் தன் சொந்த வீட்லயே அஞ்சு ராத்திரில எடுத்து முடிச்சார், நடிகர்களுக்கு முழு ஸ்க்ரிப்ட் குடுக்காம அன்னன்னிக்கு அவங்கவங்களுக்கு மட்டும் சின்ன குறிப்பு குடுத்திருக்கார், அதனால அந்தக் குழப்பம் நெசமாவே மூஞ்சில தெரியுது. எந்த வீட்டு ஆளு எவருன்னு அடையாளம் கண்டுபுடிக்க படத்துல பெருசா ஒண்ணும் இல்ல, கலர் கலரா ஒளிர்ற குச்சி, நீலமா செவப்பா, அந்த மாதிரி சாதாரண பொருளுங்கதான். கிராபிக்ஸ் கம்ப்யூட்டர் தேடறத விட்டுட்டு மொதல்ல உங்க கதையில எது நடக்கலாம் எது நடக்கவே கூடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, அத டீம்ல இருக்கற எல்லாரும் படிச்சு ஓட்டை கண்டுபுடிங்க, அடைச்சுட்டு அப்புறம் கேமராவத் தொடுங்க. எடுத்து முடிச்சா லிங்க் அனுப்புங்க, கண்டிப்பா பாத்துட்டு எழுதறேன்.