முதல்முறையாகத் தாடி வளர்க்கிறேன். அரிக்கிறது, திட்டுத் திட்டாக வருகிறது. சென்னை வெயிலுக்குச் சரிப்படுமா? எதைப் போடலாம்?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: வயது 23, இதுவரை முகம் மழமழவென்று இருந்தே பழக்கம், வேலைக்குச் சேர்ந்ததும் ஆசையாகத் தாடி விட்டிருக்கிறீர்கள். பத்து நாளாகிறது. அரிப்பு தாங்கவில்லை, கன்னம் நிறையவில்லை. எண்ணெய் வாங்கவா, மினாக்சிடில் என்ற முடி வளர்க்கும் மருந்தைப் போடவா, இந்த ஊர் வெயிலில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக வளர்க்கலாம். நான் பெரம்பூரிலிருந்து கிண்டிக்கு பைக்கில் போய்வருகிற ஆள், கத்திரி வெயிலிலும் தாடியோடுதான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் முதலில் கேட்ட எண்ணெய்தான் கடைசியில் யோசிக்க வேண்டியது. முதல் வேலை, கை வைக்காமல் இருப்பது. அடுத்தது கழுவி உலர்த்துவது. அதற்கப்புறம் கழுத்துக் கோடு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் முக்கால்வாசி முடிந்தது.

தாடி முடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. ஆக இப்போது உங்கள் முகத்தில் இருப்பது மூன்று நான்கு மில்லிமீட்டர். இந்த நீளத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கன்னம் நிறைந்து தெரியாது. மீசையும் மோவாயும் முந்திக்கொள்ளும், கன்னம் பின்னால் மெதுவாக வரும். மேலே இருக்கிற முடி நீண்டு கீழே படிய ஆரம்பித்தால் பாதித் திட்டு தானாக மறையும். அதனால் நாலு வாரமாவது, முடிந்தால் ஆறு வாரம், டிரிம்மரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மூன்றாவது வாரத்தில்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். அதற்கு முடி காரணமில்லை, சொந்தக்காரர்கள். நம்ம ஊரில் தாடி என்றால் அதற்கொரு காரணம் இருந்தாக வேண்டும். மாலை போட்டிருக்கணும், திருப்பதிக்கு வேண்டியிருக்கணும், பெண்டாட்டி மாசமாக இருக்கணும், எதுவுமில்லையென்றால் காதல் தோல்வி. சும்மா ஆசைக்கு என்று சொன்னால் எந்த அத்தையும் நம்புவதில்லை. "ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?", "என்ன, பெரியார் ஆகப் போறியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். அவசரமில்லை என்றால் கார்த்திகை ஒன்றாம் தேதி வரை பொறுத்து ஆரம்பிப்பது இன்னும் வசதி. நவம்பர் நடுவிலிருந்து ஊர் முழுக்க மாலை போட்ட பையன்கள் தாடியோடு திரிவார்கள், உங்களைத் தனியாக யாரும் கவனிக்க மாட்டார்கள். மழையும் மார்கழியுமாக வேர்வையும் குறைவு. கேட்பவர்களிடம் மாலை போட்டிருப்பதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேன்டீனில் சிக்கன் 65 தட்டோடு மாட்டிக்கொள்வீர்கள்.

அரிப்புக்கு வருவோம். பிளேடு வெட்டிய முடியின் நுனி இயற்கையாகச் சன்னமாக முடியாமல் ஓரம் கூராக நிற்கும். அது கொஞ்சம் வளர்ந்து வளைந்ததும் பக்கத்துத் தோலையே குத்துகிறது. முடி நீண்டு படிந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்துப் பக்கம் சில முடி திரும்பித் தோலுக்குள்ளேயே நுழைந்து சிறு சிறு கொப்புளமாகும். அதை நகத்தால் கிள்ளக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். அந்த இடத்தில் ஷேவ் செய்யாமல் விட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும்.

யூடியூபில் தாடி வகுப்பு எடுப்பவர்கள் அதிகம் பேசாத இன்னொரு காரணம் நம்ம தண்ணீர். போர் தண்ணீர் வருகிற வீடா உங்களுடையது? குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள், பக்கெட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர். அதிலிருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் குளியல் சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் ஒரு பிசுக்குப் படிவு உண்டாகும். வழித்த முகத்தில் அது தங்காது. தாடியில் முடியின் அடிவேரில் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்ததும் அரிக்கும், சொறிந்தால் வெள்ளையாக உதிரும். கறுப்புச் சட்டை போட்ட அன்றைக்கு மார்பில் மாவு கொட்டின மாதிரி இருக்கும். பொடுகு என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். தாடிக்குக் குளியல் சோப்பை நிறுத்துங்கள். மென்மையான ஷாம்பூவோ ஃபேஸ்வாஷோ போதும், இவற்றில் அந்தப் படிவு வராது. கடைசியில் ஒரு குவளை கேன் தண்ணீரால் தாடியை மட்டும் அலசிவிடுங்கள். இருபது லிட்டர் கேனில் ஒரு குவளை போனால் வீட்டில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வருகிற தெருவென்றால் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

உண்மையான பொடுகு வேறு மாதிரி. எண்ணெய்ப் பசையோடு மஞ்சளாகச் செதில் வரும், அடியில் தோல் சிவந்திருக்கும், மூக்கு ஓரத்திலும் புருவத்திலும்கூட இருக்கும். அதற்குக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பூ, வாரம் இரண்டு தடவை, நாலைந்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் பெரும்பாலும் கட்டுப்படும்.

வெயிலைவிட ஈரம்தான் பெரிய எதிரி. குளித்துவிட்டுத் தாடி ஈரமாக இருக்கும்போதே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிக்னலில் நின்றால், மோவாய்க்கு அடியில் பட்டை அழுத்துகிற இடம் வெந்துபோகும். துண்டால் ஒற்றி, மோவாய்க்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்த பிறகு கிளம்புங்கள். அலுவலகம் போனதும் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு கழற்றக்கூடிய வகை என்றால் மாதம் ஒருமுறையாவது துவைத்துக் காயப்போடுங்கள். முகர்ந்து பார்த்தாலே ஏனென்று தெரியும். இதையும் மீறித் தாடிக்குள் வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஏதாச்சும் கொடுங்க" என்று கேட்டுக் க்ரீம் வாங்கிப் போடாதீர்கள். அப்படிக் கொடுக்கிற கலவைகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் சுகமாக இருந்துவிட்டுப் பூஞ்சை இன்னும் பரவும்.

இனி கழுத்துக் கோடு. தாடி நன்றாக இருக்கிறதா, பரதேசிக் கோலமா என்பதைத் தீர்மானிப்பது கன்னமல்ல, கழுத்துதான். குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் வையுங்கள். அந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் தாடை எலும்பின் மூலை வழியாகக் காதுக்குப் பின்னால் வரை ஒரு வளைவு. அதற்குக் கீழே இருப்பதை எடுத்துவிடலாம், மேலே இருப்பதைத் தொடக் கூடாது. அந்தக் கோடு தாடை எலும்பின் மேலேயே ஏறிவிட்டால், வாயைத் திறந்து பேசும்போது தாடி தனியாக, தொண்டைச் சதை தனியாகத் தெரியும். ஒல்லியாக இருப்பவருக்குக்கூட இரட்டை மோவாய் வந்துவிடும்.

முதல் தடவை இதைச் சலூனிலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் போகிற கடையில் இன்றைக்கும் இந்தப் பேச்சு நடக்கும்.

"ஷேப் பண்ணிடலாமா தம்பி?"

"கழுத்து மட்டும்ணா. குரல்வளைக்கு மேல ரெண்டு விரல் விட்டு எடுங்க. கன்னத்துல கை வெக்காதீங்க."

"சைடுல கோடு போட்டு வுடறேன், செம்மயா இருக்கும்."

"வேணாம்ணா."

இரண்டாவது தடவை கேட்பார், இரண்டாவது தடவையும் வேணாம் என்றே சொல்லுங்கள். கன்னத்தில் கூராகக் கோடு போட்டால் ஒரே வாரத்தில் அதன் மேலே முள்முள்ளாக முளைக்கும், பிறகு வாராவாரம் கடைக்கு நடக்க வேண்டும். இயற்கையாக எங்கே நிற்கிறதோ அதுவே போதும். கண்ணுக்குக் கீழே தனித்து நிற்கிற நாலைந்து முடியை மட்டும் எடுக்கலாம். புது பிளேடை உங்கள் முன்னால் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். டிரிம்மர் என்றால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், படர்தாமரை அதன் வழியாகவும் வரும். செவ்வாய்க்கிழமை பல கடைகள் இருக்காது, ஞாயிறு காலையில் கூட்டம் அம்மும். வாரநாள் சாயங்காலம் போனால்தான் நிதானமாகச் செய்வார்கள்.

வீட்டில் டிரிம் செய்யும்போது தாடி காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் நீளமாகத் தெரிகிற முடி காய்ந்ததும் சுருங்கி, நினைத்ததைவிடக் குட்டையாக நிற்கும். டிரிம்மரில் மாட்டுகிற சீப்பில் பெரிய எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். மீசைக்குச் சின்னக் கத்தரி போதும். டம்ளர் காபியைக் குடித்துவிட்டு மேலுதட்டை நாக்கால் தடவிப் பாருங்கள். நுரை உதட்டில் இல்லாமல் முடியில் தொங்கினால் மேலுதட்டுக் கோட்டை வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணெய் முடியை முளைக்க வைக்காது. முளைத்த முடியை மிருதுவாக்கும், தோல் வறட்சியைக் குறைக்கும், அவ்வளவுதான். நம்ம ஊர்க் காற்றிலேயே ஈரம் இருப்பதால், இரவு கழுவிய பிறகு பாதாம் எண்ணெயோ ஜோஜோபாவோ மூன்று நான்கு சொட்டு போதும். ஏசியிலேயே உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். பகலில் தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு மே மாதத்தில் வெளியே போனால் பரு வரும். அழகான பாட்டிலில் ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சின்ன வெங்காயச் சாறு தோலை எரிக்கும், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியும் காலியாகும். அடிக்கடி ஷேவ் செய்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் வெறும் பேச்சு. 1928 இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆட்களை ஷேவ் செய்யவைத்து முடியை அளந்து பார்த்தார். தடிமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை.

அடர்த்தியைத் தீர்மானிப்பது பரம்பரை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பு டிஎச்டி என்ற ஹார்மோனைச் செய்கிறது, முடி வேர்கள் அதற்கு எவ்வளவு அசைந்துகொடுக்கின்றன என்பதில்தான் விஷயம். தாடியை வளர்க்கிற அதே டிஎச்டிதான் உச்சந்தலையைக் காலி செய்கிறது. வழுக்கைத் தலையும் காடு மாதிரித் தாடியுமாக ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருப்பது இதனால்தான். 23 வயதில் கன்னம் காலியாக இருப்பது சாதாரணம். முப்பது வரைக்கும்கூட நிறைந்துகொண்டே வரும். அப்பா, சித்தப்பா, தாய்மாமா இவர்களின் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. தலை முடிக்கு அமெரிக்காவில் 1988 இல் அனுமதி கிடைத்தது. தாடிக்குச் சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது என்றாலும் அந்த அனுமதி தாடிக்குக் கிடையாது. தோல் வறண்டு உரியும், சிலருக்குப் படபடப்பு வரும். வீட்டில் பூனை இருந்தால் இதன் பக்கமே போகாதீர்கள், பூனைக்கு இது விஷம். முப்பது நெருங்கியும் திட்டு உறுத்தினால் தோல் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சத்துக் குறைபாடு இருந்தால்தான் பயன். மேலும், அதைச் சாப்பிடுகிறபோது தைராய்டு பரிசோதனை எடுத்தால் முடிவு தப்பாக வரக்கூடும்.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. நன்றாக இருந்த தாடியில் திடீரென்று காசு அளவுக்கு வழவழவென்று ஓர் இடம் வழுக்கையானால் அது புழுவெட்டு. புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. மருத்துவர்கள் அந்த இடத்தில் ஊசி போட்டோ மருந்து பூசவைத்தோ சரிசெய்யப் பார்ப்பார்கள். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் தோல் பிரிவு இருக்கிறது.

ஆறு வாரம் கழித்தும் பிடிக்கவில்லையா, எடுத்துவிடுங்கள். முதலில் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டுப் பிறகு பிளேடு போடுங்கள், நேரடியாகப் போட்டால் முடியை இழுத்துத் தோலை அறுக்கும். பெண் பார்க்கப் போவதோ இன்டர்வியூவோ இருந்தால் அன்று காலையில் எடுக்க வேண்டாம், நாலு நாள் முன்பே எடுங்கள். பைக்கில் சுற்றுகிறவருக்கு நெற்றியும் கன்னத்து மேடும் கறுத்து, தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் முகத்தைப் பார்த்து வருகை போடுகிற மெஷின் என்றால் தாடி வந்த பிறகும், எடுத்த பிறகும் அது உங்களை அடையாளம் காணாமல் போகலாம். எச்ஆரிடம் சொல்லிப் புதிதாக ஒரு படம் பதியவைத்துக்கொள்ளுங்கள்.