மின்சார சைக்கிள் கிட்: பில் யார் பெயரில் வருகிறது?

கேள்வி: பவானியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் கிட் ஒன்றைச் சீனாவிலிருந்து பேட்டரியோடு சாம்பிளாக வரவழைத்துப் பொருத்தினேன், நன்றாக ஓடுகிறது. இப்போது 50 செட் எடுக்க விரும்புகிறேன். சென்னை பாரிமுனை ஏஜென்ட் ஒருவர், கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுத்தால் வரி, கிளியரன்ஸ் எல்லாவற்றையும் தாமே பார்த்துக் கடை வாசலில் இறக்கிவிடுவதாகச் சொல்கிறார். பழைய டிவிஎஸ் மொபெட்டுக்கும் கிட் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஸ்பின்னிங் மில் வைத்திருக்கிறார். மில்லுக்குள் மட்டும்தான் ஓட்டுவேன் என்கிறார். இவற்றைச் செய்தால் பின்னால் தொந்தரவு வருமா?

பதில்: சைக்கிள் கிட்டை வரம்புக்குள் விற்கலாம். மொபெட் கிட் வேண்டாம். அந்த ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். ஏஜென்ட்டையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொருளால் நட்டப்பட்டவர்களைவிடப் பில்லால் நட்டப்பட்டவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

கிலோக் கணக்கில் ‘டோர் டு டோர்’ பேசுகிறவர் வழக்கமாகச் செய்வது இதுதான்: உங்கள் சரக்கை வேறு பலருடைய பொம்மை, பை, மொபைல் கவர் ஆகியவற்றோடு ஒரே கண்டெய்னரில் ஏற்றி, யாரோ ஒருவருடைய இறக்குமதிக் குறியீட்டு எண்ணில் (இறக்குமதி செய்ய அரசு தரும் எண்), குறைத்துக் காட்டிய மதிப்பில், ‘சைக்கிள் உதிரிபாகம்’ என்று ஒரே வரியில் எழுதி இறக்குவார். சுங்க அட்டவணையில் மோட்டார் 8501, சார்ஜர் 8504, பேட்டரி 8507 என வெவ்வேறு தலைப்புகளில் வருகின்றன. சைக்கிள் உதிரிபாகத்துக்கு உரியது 8714. எல்லாவற்றையும் 8714-க்குள் தள்ளிவிட்டால் பேட்டரியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதே அவருடைய சாமர்த்தியம்.

உங்கள் கைக்கு என்ன வரும்? ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு வரலாம். அதுவும் வராமல் போகலாம். இறக்குமதியின்போது கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் வரவு எடுக்க (விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள) வேண்டுமானால், ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் சுங்க ஆவணம் உங்கள் பெயரிலும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணிலும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விற்பனைக்கான ஜிஎஸ்டி முழுவதையும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்; இல்லையேல் பில் போடாமல் விற்க வேண்டும். மலிவு என்று தோன்றிய கணக்கு இந்த இடத்திலேயே உதைக்கும். மேலும், ‘இறக்குமதியாளர்’ என்ற சொல்லுக்குள் சரக்கின் உண்மையான பயனாளியையும் சுங்கச் சட்டம் 2017 முதல் சேர்த்திருக்கிறது. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்து வரியைக் குறைத்திருந்தால், ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய்க் கேட்கலாம். அதற்குள் அந்த ஏஜென்ட்டின் தொலைபேசி எண் மாறியிருக்கும். உங்கள் கடை மாறியிருக்காது.

இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் நீங்களே வாங்கிவிடலாம். ஆனால் அதற்கு ஓர் இணையதளம், சுங்கத்துக்கு இன்னொன்று, ஜிஎஸ்டிக்கு மற்றொன்று, பேட்டரிக் கழிவுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே காகிதத்தை மறுபடி மறுபடி ஏற்றச் சொல்கிறார்கள். சிறு வியாபாரியை ஏஜென்ட்டின் படிக்கட்டுக்குத் துரத்துவது இந்த ஏற்பாடுதான் என்பதை யாராவது தலைமைச் செயலகத்திலும் டெல்லியிலும் எடுத்துச் சொன்னால் நல்லது.

ஆகவே இப்போதைக்கு நீங்கள் இறக்குமதியே செய்ய வேண்டாம். டெல்லி ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையிலோ லூதியானாவிலோ ஏற்கெனவே முறையாக இறக்குமதி செய்து வைத்திருக்கும் வியாபாரியிடம் ஜிஎஸ்டி பில்லோடு பத்து செட் வாங்குங்கள். ஒரு செட்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை ஆகும். அந்த வித்தியாசம்தான் உங்கள் தூக்கத்தின் விலை. விற்பனை நிலைத்த பிறகு, சொந்தக் குறியீட்டு எண்ணில், சுங்கத் துறையின் உரிமம் பெற்ற புரோக்கர் மூலம் மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பிரேக் லீவர் ஆகியவற்றை மட்டும் தருவியுங்கள்.

பொருளில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சக்கரம். கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் ராட் பிரேக்) போட்ட நம் ஊர் 28 அங்குலக் கறுப்பு சைக்கிளின் ரிம், டயர் உட்காரும் இடத்தில் 635 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சீனக் கிட்டில் ‘28 அங்குலம்’ என்று எழுதி வருவது பெரும்பாலும் 622 மில்லிமீட்டர். இரண்டின் டயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 28 என்ற எண்ணை நம்பி 50 செட் வாங்கினால், 50 ரிம்மையும் பிரித்து மறுபடி ஸ்போக் கட்ட வேண்டியிருக்கும். மேலும், கம்பி பிரேக் சைக்கிளில் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரைப் பொருத்த முடியாது. கேபிள் பிரேக்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மோட்டாரின் சக்தி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2-ஆம் விதிப்படி, அரை மணி நேரம் தொடர்ந்து தரும் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாது. பெடல் மிதிக்கும்போது உதவும் சைக்கிளென்றால், 25-ஐத் தொட்டதும் அல்லது மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டார் நின்றுவிட வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டும். மோட்டாரில் ஒட்டியுள்ள ‘250’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கன்ட்ரோலரில் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 48 வோல்ட், 22 ஆம்பியர் என்றால் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கிறது. ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அதை வாங்காதீர்கள். விதியில் இன்னொரு முள்ளும் இருக்கிறது: இந்த வரம்புகளை ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் முழு சைக்கிளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. கடையில் ஒரு சைக்கிளுக்குக் கிட் போடுகிறவர் என்ன செய்வார் என்று எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்களால் ஆவது, அப்படிச் சான்று பெற்ற கிட்டை மட்டும் வாங்கி, அதன் நகலை ஒவ்வொரு பில்லோடும் இணைப்பதுதான்.

மூன்றாவது பேட்டரி. அதை இங்கேயே, முகவரி உள்ள தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். லித்தியம் பேட்டரியை அனுப்ப யுஎன் 38.3 என்னும் சோதனை அறிக்கை அந்தந்த மாடலுக்கு வேண்டும். தனியாக அனுப்பும் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே கூடாது, சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. உங்கள் சாம்பிள் சாதாரணக் கூரியரில் வந்திருந்தால், பேட்டரி என்று சொல்லாமலே அனுப்பியிருப்பார்கள். மேலும், பேட்டரியை இறக்குமதி செய்து விற்கிறவர் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ‘உற்பத்தியாளர்’ ஆகிவிடுகிறார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

உள்ளூரிலும் ஏமாற்று உண்டு. பழைய லேப்டாப் செல்களைப் பிரித்து, புதிய உறை போட்டு, 36 வோல்ட் பேட்டரி என்று விற்கிறார்கள். இவற்றில் இருக்கும் 18650 என்னும் உருளை வகைச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் வழக்கமாக 40 செல்கள் இருக்கும். உறையோடு தராசில் வைத்து இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் செல் புதியது என்று ஆகிவிடாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சுமையோடு ஓட்டி, எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று மீட்டரில் அளந்துவிடுங்கள். சார்ஜரை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வேறு வகைப் பேட்டரியில் 12 செல் வரிசைக்கு வரும் 43.8 வோல்ட் சார்ஜரும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜில் இருந்த மின் இருசக்கர வாகனம் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தனர். அப்படி ஏதேனும் நடந்தால், சீனத் தயாரிப்பாளர் மீது இங்கே உத்தரவை நிறைவேற்ற முடியாத நிலையில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்றவரையே பொறுப்பாக்குகிறது.

இனி மொபெட். பதிவு பெற்ற பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற, ஏஐஎஸ் 123 என்னும் வாகனத் துறைத் தரத்தின்படி அந்த மாடலுக்கென்றே சோதித்து அங்கீகரித்த கிட்டும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் மாற்றமும் வேண்டும். சீனக் கிட்டைப் பொருத்திய வண்டி இரண்டிலும் தேறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவின்படி வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் இதுவே போதும்.

மில்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும்; அதனால்தான் அதை விரிவாகச் சொல்கிறேன். சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலைக்குள்ளோ வேறு மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும் வகையில் அமைக்கப்பட்ட தனி வகை வாகனத்தை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. இதை அரைகுறையாகக் கேட்டவர்கள், ‘உள்ளே ஓட்டினால் எதுவும் ஓட்டலாம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூடிய வளாகம் என்பது மட்டும் நிபந்தனை அன்று. வண்டியின் அமைப்பும் அந்த இடத்துக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். சாலையில் ஓட்டுவதற்காகத் தயாரித்து, பதிவு எண் வாங்கிய மொபெட், மில் வாசலுக்குள் நுழைந்தவுடன் தனி வகை வாகனமாக மாறிவிடாது. எண் பலகையைக் கழற்றினாலும் மாறாது. ‘வெளியே ஓட்ட மாட்டேன்’ என்று அவர் எழுதிக் கொடுக்கும் கடிதமும், மேஸ்திரி அதே வண்டியில் டீ வாங்க வெளியே போகும் நாளில் உங்களைக் காப்பாற்றாது. மில்லுக்கும் குடோனுக்கும் நடுவே பொதுச் சாலை ஓடினால், விலக்கு என்ற பேச்சே இல்லை.

அவருக்கு வேண்டியது நூல் கோன் பெட்டிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது என்றால், மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைக் கம்மியரிடம் கட்டச் சொல்லி, அதற்கு இந்த 250 வாட் கிட்டையே போட்டுக் கொடுங்கள். பில்லில் ‘வளாகத்துக்குள் பயன்படுத்தும் தள்ளுவண்டி’ என்று எழுதி, படம் ஒன்றையும் இணைத்து வையுங்கள்.