‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதைப் புத்தகத்தின் ஓவியர் ஜான் டெனியல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், அவருக்கு ஒரு கண் தெரியாதாமே?

ஆமாம். 20 வயதில் அப்பாவுடன் வாள்வீச்சுப் பழகும்போது அப்பாவின் வாள்முனைக் காப்பு கழன்று, முனை வலது கண்ணில் பட்டது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அப்பா மனசு கஷ்டப்படுமே என்று, காயம் எவ்வளவு மோசம் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

கேள்வி: புத்தகத்தில் நாம் பார்ப்பது அவர் கைபட்ட கோடுகளா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தாளில் வரைந்ததைப் படியெடுத்து பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரக்கட்டையில் இடவலம் மாற்றிப் பதிப்பார். கூரான கடின பென்சிலால் கட்டையிலேயே முடிப்பார். அப்புறம் டால்சியல் சகோதரர்களின் மரச்செதுக்குப் பட்டறை. அங்கே கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். கட்டையில் இருந்த பென்சில் ஓவியம் அதோடு போயிற்று! சோதனை அச்சைப் பார்த்து டெனியல் திருத்தம் சொல்வார். ஆலிஸின் முகபாவத்துக்கான பாராட்டில் பாதியைச் செதுக்கியவர்களுக்கும் தரவேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: முதல் பதிப்பை நிறுத்தியது அவர்தானா?

அவர் குறை சொன்னதால்தான் நின்றது. 1865-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 2,000 பிரதிகள் அச்சாயின. படங்கள் விழுந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. கதையை எழுதிய லூயிஸ் கரோல் தன் கைக்காசைப் போட்டு வேறு அச்சகத்தில் மறுபடி அடிக்க வைத்தார். ஒதுக்கிய தாள்கள் நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனத்துக்கு விலைபோயின. டெனியல் 42 படங்களுக்கு வாங்கிய கூலி 138 பவுண்டு.

கேள்வி: பிழைப்பு இதில்தானா?

இல்லை. 1850 முதல் 1901 வரை ‘பஞ்ச்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை வார இதழின் அரசியல் கேலிச்சித்திரங்கள்தான் சோறு போட்டன. 2,000-க்கு மேல் வரைந்தார். 1893-இல் சர் பட்டமும் வந்தது.

கேள்வி: இந்தியாவைப் பற்றி ஏதாவது வரைந்தாரா?

1857-இல் வங்கப் புலிமீது பாயும் பிரிட்டிஷ் சிங்கம். கிளர்ச்சிக்குப் பழிவாங்கு என்று தூண்டுகிற படம். கை வித்தை அபாரம். கருத்து எனக்குக் கசக்கிறது.

கேள்வி: அந்த மரக்கட்டைகள் இப்போது இருக்கின்றனவா?

இருக்கின்றன, 1985-இல் ஒரு வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தன. அன்று அச்சடித்தது அவற்றிலிருந்து எடுத்த உலோகப் படிகளைக் கொண்டு என்பதால் கட்டைகள் தேயவில்லை. பிறகு நேரடியாகக் கட்டையிலிருந்தே அச்செடுத்தார்கள். அந்தப் பதிப்பு எங்காவது நூலகத்தில் கிடைத்தால் பழைய மலிவுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.